வாங்கிட்டேன்னு சொல்லு

என் சின்னவனைக் கையில் வாங்க யார் வந்தாலும் நான் உடனே விட்டுவிடுவதில்லை. "வாங்கிட்டீங்களா?" என்று ஒரு முறை கேட்கிறேன். வாயால் பதில் வந்த பிறகுதான் என் விரல்கள் விலகுகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியிலிருந்து வந்த என் நாத்தனாரிடமும் அப்படியே கேட்டுவிட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா அண்ணி, நான் இன்னா கொழந்தை தூக்காதவளா?"

என் கணவர் சிரித்தார். "உன்ன நம்பாம இல்ல. உங்க அண்ணிக்குக் கப்பலம்மா புடிச்சிருக்குது. அஞ்சு வருசமா எறங்க மாட்டேங்குது."

பேய் பிடித்த கதை என்று நினைத்து நாத்தனார் பயந்துபோனாள். அவளுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கி, சமையல் வேலை வந்ததால் பாதியில் நிறுத்தினேன். அன்றிலிருந்து கப்பலம்மா என் நினைவிலேயே இருக்கிறாள்.

நாங்கள் அப்போது ஆம்பூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஒரு தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடும் இடத்தை அங்கே ஷாப் என்பார்கள். பதனிட்ட தோல்களைக் கட்டாகக் கட்டியதும் மேலே அடையாளம் எழுதி ரயிலுக்கு அனுப்ப வேண்டும். ஷாப்புக்குப் பின்னால் வரிசையாக எட்டு வீடுகள். எங்களுடையது ஆறாவது, கப்பலம்மாவுடையது எட்டாவது. சுண்ணாம்பு வாடையும் ஊறிய ஆவாரம்பட்டையின் வாடையும் சோற்றிலேயே இருக்கும். வந்த புதிதில் எனக்குக் குமட்டும். பிறகு அது இருப்பதே மறந்துவிட்டது.

அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மெலிந்த உடம்பு, நீண்ட கைகள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் கிறிஸ்தவ சபைப் பதிவில் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. நான் அக்கா என்றேன், மற்றவர்கள் கப்பலம்மா என்றார்கள், அவள் இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தாள். இப்போது யோசித்தால், பெயரைக் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

எதைக் கொடுத்தாலும், வாங்குகிறவர் 'வாங்கிட்டேன்' என்று சொல்லும்வரை அவள் கையை எடுக்கமாட்டாள். தண்ணீர்க் குடமானாலும் சரி, அடுப்புப் பற்றவைக்க ஒரு கரண்டி நெருப்பானாலும் சரி. பால்காரரிடம் செம்பை நீட்டுவாள். அவர் பிடித்து இழுப்பார். வராது.

"வாங்கிட்டேன் தாயே, வாங்கிட்டேன். ஏழு ஜென்மத்துக்கும் சேர்த்து வாங்கிட்டேன். கைய வுடு, மாடு காத்துனு கீது."

"ஒரு வாட்டி போதும்பா. ஆனா வாய் தொறந்து சொல்லணும்" என்பாள். கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது.

மூன்றாவது வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு இந்த வழக்கம் தெரியாது. கிணற்றடியில் கப்பலம்மா இறைத்துக் கொடுத்த குடத்தை அவள் ஒரு பக்கம் இழுக்க, இவள் மறுபக்கம் பிடித்துக்கொண்டு நிற்க, தண்ணீர் முழுவதும் இருவர் காலிலும் கொட்டியது. தனக்குத் தண்ணீர் தர மனமில்லை என்று நினைத்து அந்தப் பெண் அழுதுவிட்டாள். பிறகு யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாள் குடத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தப் பெண் "வாங்கிட்டேன்" என்று கத்தினாள். "தொடாமயே சொல்லாதம்மா, அது இன்னும் பேஜாரு" என்றாள் கப்பலம்மா.

கோயிலில் திருவிருந்தின்போது போதகர் ஒவ்வொருவர் கையிலும் அப்பத் துண்டை வைப்பார். எல்லாரும் ஆமென் என்பார்கள். இவள் மட்டும் மெல்ல "வாங்கிட்டேன்" என்பாள். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்து, பிறகு சிரித்ததற்காகப் பயம் வந்தது. போதகர் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அவள் கப்பலில் போனது ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துடன். தோல் வாங்கி அனுப்பும் ஒரு துரை வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவள் நான்கு வருடம் வேலை செய்தாள். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. துரை வீடுகளில் ஆயா என்றால் பிள்ளை தூக்குகிறவள். துரைசானி விடுமுறைக்குச் சீமைக்குப் போனபோது இவளையும் அழைத்துப்போனார்கள். அங்கே துரைசானிக்கு உடம்புக்கு ஆகாமல், டாக்டர் கடல் காற்று வேண்டும் என்றாராம். அதற்காக ஓர் உல்லாசக் கப்பலில் ஏறினார்கள். எந்த ஊருக்கும் போகாமல், தீவு தீவாகக் காட்டிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் கப்பல். அதை எங்கள் வரிசையில் ஒருவராலும் நம்ப முடியவில்லை.

துணி துவைக்கும் இடத்தில் அந்தக் கதையை அடிக்கடி கேட்பார்கள்.

"கப்பலம்மா, அந்தத் தீவு எப்படி இருந்துச்சு? சொல்லேன்."

"இன்னா சொல்றது. மழை பேஞ்சுது."

"அத வுட்டு சொல்லு."

"மலை ஒண்ணு. மேல்பாதி மேகத்துல போய்ட்டுச்சு. ஷாப்புல நனைஞ்ச தோலத் தண்ணி சொட்டச் சொட்டக் கொடியில தொங்கவுட்டாப்ல மேகம். கீழ வெள்ளை வெள்ளையா வூடு. கப்பலு கரைக்குப் போவாது. நடுவுலயே நின்னுக்கும். சின்ன படகு வந்து ஆளுங்கள ஏத்திக்கினு போவும். அன்னிக்குக் காத்து ஜாஸ்தி. வேணாம்னு பாதி பேரு எறங்கல. துரைசானிக்கு ஆறு நாளா வாந்தி. மண்ணு மேல காலு வெச்சா போதும்னு நின்னுது."

"நீ எறங்குனியா?"

"ஏணி வரைக்கும் போனேன்."

"அடி ஆத்தே! அத்தினி சமுத்திரம் தாண்டிப் போய் ஏணியப் பாத்துட்டு வந்தியா? அதுக்கு நம்ம பட்டை குடோன்ல இருக்கற ஏணியப் பாத்திருக்கலாமே."

எல்லாரும் சிரிப்பார்கள். "எனக்கும் அதான் தோணுது" என்று அவளும் துணியைப் பிழிவாள். கதை எப்போதும் அந்த ஏணியிலேயே நின்றுவிடும். ஏன் நின்றுவிடுகிறது என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

எனக்குப் பெரியவள் பிறந்து ஏழு மாதம். என் தாயார் அரக்கோணத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். நான் எட்டாவது வரை மிஷன் பள்ளியில் படித்தவள். குழந்தை வளர்ப்புப் பற்றி ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தேன். பால் எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும், எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்று அதில் இருந்தது. குழந்தை அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. தூங்க வேண்டிய நேரத்தில் அழுதது, அழ வேண்டிய நேரத்தில் தூங்கியது. தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். இருக்கும். திரும்பிப் போய் அரிசி களைவேன். மறுபடி வந்து பார்ப்பேன்.

கப்பலம்மா ஒரு நாள் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குடும்மா, நீ சோத்த வடி" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். குழந்தை முழுவதும் அவள் கைக்குள் போனதும் "வாங்கிட்டேன்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. அன்று முதல் காலை இரண்டு மணி நேரம் குழந்தை அவளிடம். திருப்பித் தரும்போது நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தரமாட்டாள். நானும் சொன்னேன். இரண்டு மாதம் நான் மனுஷியாக இருந்தேன்.

அதன் பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. வந்தது என்ன, அவள் வீட்டிலேயே இருந்ததுதான். ஒரு பிஸ்கட் டப்பாவில் மெழுகுத்துணி சுற்றி வைத்திருந்தாள்.

"வேலூர்ல ஒரு துரை வூட்டுல ஆயா தேடறாங்களாம். கடுதாசி இருந்தா எட்டாந்து காட்டச் சொன்னாங்க. என் துரைசானி குடுத்தது இது. நீ படிச்சவ. இன்னா போட்டிருக்குதுன்னு சொல்லும்மா."

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. சாய்ந்த கையெழுத்து. நான் முதல் இரண்டு வரிகளைச் சத்தமாகத் தமிழில் சொன்னேன்.

"இவள் என்னிடம் நான்கு ஆண்டுகள் வேலை செய்தாள். நேர்மையானவள், சுத்தமானவள், பொறுமைசாலி."

அடுத்த வரிக்குப் போன என் கண் அங்கேயே நின்றது. மடீரா தீவில், மோசமான வானிலையில், கப்பலிலிருந்து படகுக்கு இறக்கும்போது, என் இளைய மகன் இவள் கையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தான். அதற்குக் கீழேயும் படித்தேன். பிள்ளை பிழைத்துவிட்டான் என்று இருந்தது. ஆனாலும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இவளைச் சிபாரிசு செய்ய மனம் ஒப்பவில்லை என்று முடிந்திருந்தது.

என் குழந்தை அப்போது அவள் மடியில் இருந்தது. அவளுடைய சேலை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதான் அக்கா. நல்லவிதமாத்தான் எழுதியிருக்காங்க" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

கடிதத்தை நீட்டினேன். "வாங்கிட்டேன்" என்றாள். குழந்தையைக் கேட்டு வாங்கினேன். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பொய் சொன்னது பாவமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நடந்தது அவளுக்குத் தெரியாதா என்ன, தெரிந்ததை மறுபடி படித்துக் காட்டி ஏன் நோகடிக்க வேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டேன். வேலூரில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த வீட்டுத் துரைசானி கடிதத்தைப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார்களாம். எப்போதும் அப்படித்தான் என்றாள்.

ஆனால் குழந்தையை அவளிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. முதல் நாள் குழந்தை தூங்குகிறாள் என்றேன். அடுத்த நாள் சளி. அதற்கடுத்த நாள் தடுப்பூசி போட்ட கை. அவள் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. வாசலில் ஒரு நிமிடம் நிற்பாள். பிறகு மூலையில் கிடக்கும் குழந்தைத் துணிகளை எடுத்துப் போய் அலசிக் கொண்டுவருவாள். தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். கை மட்டும் நீளாது. சும்மா இருந்தால் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள்.

என் கணவரிடம் சொன்னேன்.

"ஏங்க, நீங்களா இருந்தா குடுப்பீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அவங்க வுட்டது கடல்ல. ஆம்பூர்ல கடல் எங்க இருக்குது?" என்றார். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "குடுப்பேன்னுதான் நெனைக்கறேன். ஆனா நாள் முழுக்க ஷாப்புல இருக்கறவன் நானு. நீ சொல்றதுதான் சரியா இருக்கும்" என்றார். அது எனக்கு உதவவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் வெயில் இல்லை. ஷாப்பில் தோல் காயவில்லை, வீட்டில் துணி காயவில்லை. குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஒரு கையால் சமைத்தேன். இரண்டு முறை சோறு அடிப்பிடித்தது. நின்றுகொண்டே கண் சொக்கும். திடுக்கிட்டு விழித்துக் குழந்தை கையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும்.

அப்படி ஒரு காலை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின் மேல் குப்புறப் போட்டிருந்தேன். வெந்நீர் செம்பை எடுக்கத் திரும்பினேன். கண் ஒரு கணம் மூடியதா, இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எண்ணெய் உடம்பு வழுக்கிக் கல்லில் விழுந்தது. நெற்றி படும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"ஐயோ, வுட்டுட்டேனே! நான் வுட்டுட்டேனே!" என்று அலறினேன்.

கப்பலம்மா தண்ணீர்க் குடத்துடன் பின்வாசல் படியில் நின்றாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆனால் குழந்தையைத் தொடவில்லை. என் எதிரில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"தூக்கு. நீயே தூக்கு. தலையத் தாங்கிக்கினு தூக்கு. ஒண்ணும் இல்ல, மூச்சு வாங்குது பாரு. இப்ப அழுவும். ம், அழுவு கண்ணு, அழுவு."

குழந்தை வீறிட்டது. நெற்றியில் கொட்டைப்பாக்கு அளவு வீக்கம். வேறு ஒன்றும் இல்லை. நான் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளும் எழுந்திருக்கவில்லை.

"நானும் இப்படித்தாம்மா வுட்டேன்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உனுக்குத் தெரியும். கடுதாசியில எழுத்து தாளு அடி வரைக்கும் இருக்குது. நீ மேலயே நின்னுட்ட. எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க. கண்ணு கீழ போவுது, வாய் போவ மாட்டேங்குது."

பிறகு ஏணிக்குப் பிறகு நடந்ததைச் சொன்னாள். துரைசானியும் பெரிய பிள்ளையும் முதலில் படகில் இறங்கிவிட்டார்கள். இவள் ஏணியின் கடைசிப் படியில், சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு. படகு இவள் முட்டிவரை எழும்பும், உடனே ஒரு ஆள் உயரம் கீழே போகும். படகில் நின்ற ஆள் கையை நீட்டினான்.

"வாங்கிட்டியான்னு கண்ணாலயே கேட்டேன். தலைய ஆட்டுனான். வாய் தொறந்து ஒண்ணும் சொல்லல. ஆட்டுனா வாங்கிட்டான்னுதானே அர்த்தம்? வுட்டேன். படகு கீழ போய்ட்டுச்சு. செவப்புக் குல்லா மட்டும் தண்ணி மேல மெதந்துச்சு."

பிள்ளையை வெளியே எடுத்தார்கள். அதுவரை அவள் பார்த்தாள். உயிர் இருந்ததா என்று மேலிருந்து தெரியவில்லை. அலையில் ஏணி அருகே படகு மறுபடி வர முடியாமல் கரைக்கே போய்விட்டது. காற்று இன்னும் வலுத்தது. கப்பல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு நடுக்கடலுக்குப் போனது. கரையில் இருந்தவர்களை விட்டுவிட்டு, அப்படியே புறப்பட்டும் விட்டது.

"அவங்க அறையில நான் ஒருத்தி. அந்தப் புள்ளையோட துணிய எட்டு நாளு மடிச்சு மடிச்சு வெச்சேன். சீமையில ஆயாங்க தங்கற ஒரு வூட்டுல வுட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு குமாஸ்தா வந்து இந்தக் கடுதாசியக் குடுத்து மெட்ராஸ் கப்பல்ல ஏத்துனான். கொழந்தை இன்னாச்சுன்னு கேட்டேன். எல்லாம் இதுல இருக்குதுன்னு தாளக் காட்டுனான். துரை அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்ல."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"பதினோரு வருசம் ஆச்சும்மா. வேலைக்குன்னு சொல்லி எத்தினி பேருகிட்ட காட்டிட்டேன். எனக்கு வேலை வேணாம். புள்ள பொழைச்சுதான்னு நான் வாய் வுட்டுக் கேட்டா, வுட்டவ நான்தான்னு தெரிஞ்சிடும். அப்புறம் எந்தப் புள்ளையையும் எவளும் என் கையில குடுக்க மாட்டா. அதனால படிக்கறவங்களா சொல்லட்டும்னு காத்துனு இருந்தேன். இப்பதான் நீயே குடுக்கறது இல்லியே. இனி இன்னா. கேக்கறேன். பொழைச்சுதா?"

அந்தக் கடிதத்தில் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அதைத்தான் நான், அவளை நோகடிக்கக்கூடாது என்று, விழுங்கிவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"பொழைச்சுது அக்கா. எழுதியிருக்கு. பொழைச்சுது."

அவள் எழுந்து, மழையில் நனைந்துகொண்டே தன் வீட்டுக்குப் போய், டப்பாவோடு வந்தாள். "படி. அது இருக்கற எடத்துல வெரல வெச்சுப் படி."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எண்ணெய் விரலை அந்த வரியில் வைத்துப் படித்தேன்.

"தெய்வ கிருபையால் என் மகன் பிழைத்துக்கொண்டான். இப்போது நன்றாக இருக்கிறான். ஒவ்வொரு மாலையும் இவளைக் கேட்டு அழுகிறான்."

"இன்னொரு வாட்டி."

படித்தேன். சிபாரிசு செய்ய முடியாது என்ற கடைசி வரியையும் படித்தேன். இந்த முறை எதையும் விடவில்லை. அந்த வரிக்கு அவள் தலையை மட்டும் அசைத்தாள், நியாயம்தான் என்பதுபோல. பிறகு "நடுவுல இருக்கறத மட்டும் படி" என்றாள். எத்தனை முறை படித்தேன் என்று நினைவில்லை. குழந்தை அழுகையை நிறுத்தி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கறை காகிதத்தில் பரவி, அந்த வரி கண்ணாடி போலத் தெரிந்தது.

"சாயங்காலம் தூங்க மாட்டான். தோள்ல போட்டு நடக்கணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. மிகவும் களைத்திருந்தாள். நானும்தான்.

பின்கட்டில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. நான் குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்தேன். எண்ணெய் போகத் துண்டால் சுற்றினேன். ஒரு முடிச்சுப் போட்டேன், அவிழ்த்து மறுபடி போட்டேன். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பயத்தோடுதான் நீட்டினேன்.

முந்தானைக்குள் இருந்த கைகள் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டையும் இடுப்பில் அழுத்தித் துடைத்தாள். குழந்தையின் அக்குளுக்குக் கீழே ஒன்று, பின்னந்தலைக்குக் கீழே ஒன்று.

"வாங்கிட்டேன்" என்றாள்.

அவள் சொன்ன பிறகும் என் கை ஒரு கணம் அங்கேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் எடுக்கும்வரை காத்திருந்தாள்.